நம் காலடிக் கல்லும் ஹக்ஸ்லியின் எழுத்தும்

(சுன்னாகத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்னும் ஆங்கில உயிரியலறிஞரின் எழுத்துகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் கமக்காரருக்கும், 1895ஆம் ஆண்டில் மறைந்துபோன ஓர் ஆங்கிலேயருக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு. அது நம் வீட்டுக் கிணற்றுக்குள் இருக்கிறது. அதைக் காட்டுவதே என் உரையின் நோக்கம்.

ஹக்ஸ்லி 1825ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அருகிலுள்ள ஈலிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர். குடும்பத்திற் செல்வம் இல்லை. பிள்ளைக்கு முறையான பள்ளிப் படிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே கிடைத்தது. மிகுதியெல்லாம் அவர் தாமே தேடிப் படித்தவை. ஜெர்மன் மொழியையும் அவ்வாறே கற்றார். உதவிப் பணம் பெற்று மருத்துவம் பயின்று, 1846ஆம் ஆண்டில் ‘றட்டில்சினேக்’ என்னும் கடற்படைக் கப்பலில் உதவி வைத்தியராகச் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் அவுஸ்திரேலியக் கரைகளில் உலாவினார். அங்கே சொறிமுட்டை முதலிய மெல்லுடல் உயிர்களை ஆராய்ந்து அவர் எழுதியனுப்பிய கட்டுரைகள் அவரை 1851ஆம் ஆண்டில், இருபத்தாறாவது வயதிலேயே, இலண்டன் வேத்தியற் கழகத்தின் அங்கத்தவராக்கின. பரம்பரைச் செல்வமும் பெரிய சர்வகலாசாலைப் பட்டமும் இன்றி, உழைப்பினால் உயர்ந்த மனிதர் அவர். அதனாற்போலும், தாம் கற்றதைத் தொழிலாளருக்குச் சொல்லுவதைத் தம் கடமையாகக் கொண்டார்.

ஒரு துண்டு வெண்கட்டி

1855ஆம் ஆண்டு முதலாக இலண்டனில் தொழிலாளருக்கெனத் தனியாகப் பிரசங்கங்கள் செய்து வந்தார் ஹக்ஸ்லி. பகல் முழுவதும் பட்டறையில் உழைத்தவர்கள் மாலையில் வந்து அமர்ந்து கேட்டார்கள். கூட்டம் சாதாரணமானது என்று அவர் பொருளைக் குறைக்கவில்லை. பிரபுக்களின் அவையிற் சொன்ன அதே உண்மையைத் தொழிலாளருக்கும் சொன்னார். சொல்லை மாத்திரமே எளிதாக்கினார்.

அப் பிரசங்கங்களுள் மிகச் சிறந்தது 1868ஆம் ஆண்டில் நோர்விச் நகரத் தொழிலாளருக்கு அவர் செய்தது. அதன் பொருள் ‘ஒரு துண்டு வெண்கட்டி’. நம் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதினார்களே, அந்த வெண்கட்டியேதான். தச்சர்கள் பலகையிற் குறியிடுவதற்குச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பொருள். ஹக்ஸ்லி தம் பேச்சை எங்கே தொடங்கினார் தெரியுமா? ஒரு கிணற்றில். இந் நகரத்தின் நடுவே ஒரு கிணறு தோண்டினால் வெகுவிரைவில் வெண்கட்டிப் பாறையைத்தான் காண்போம் என்று தொடங்கி, அந்தப் பாறை எங்கிருந்து வந்தது என்று வினவினார்.

பின்பு அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டினார். வெறுங்கண்ணுக்கு மாவாகத் தெரிவது, நுணுக்குக்காட்டியில் எண்ணிறந்த சிறு ஓடுகளாகத் தெரிகிறது. ஒவ்வோர் ஓடும் ஒருகாலத்தில் ஓர் உயிரின் வீடு. அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் தந்திக் கம்பி போடுவதற்காக 1857ஆம் ஆண்டில் ‘சைக்குளோப்சு’ என்னும் கப்பல் ஆழம் பார்த்தபோது, கடலடியிலிருந்து சேறு எடுத்து ஹக்ஸ்லிக்கு அனுப்பினார்கள். அந்தச் சேற்றிலும் அதே இனத்து ஓடுகள் இருந்தன. ஆகவே நோர்விச் நகரத்தின் அடியிலுள்ள பாறை ஒருகாலத்தில் கடலடிச் சேறு. நகரம் நிற்கும் நிலம் கடலாக இருந்தது. நூலில் எழுதியிருக்கிறது என்றோ, பெரியவர் சொன்னார் என்றோ அவர் இதை நிறுவவில்லை. தச்சனின் சட்டைப்பையிலிருந்த துண்டைக்கொண்டே நிறுவினார்.

நம் கல் சொல்லும் கதை

அந்தப் பிரசங்கத்தைச் சுன்னாகத்திற் செய்வதானால் நோர்விச்சுக்குப் போகவேண்டிய அவசியமில்லை. இங்கேயும் செம்மண்ணைச் சில அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல் வந்துவிடுகிறது. கிணறு வெட்டியவர்கள் அலவாங்கும் வெடிமருந்தும் கொண்டு அதனோடு போராடியிருக்கிறார்கள். அந்தக் கல்லிலும் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் நிறைந்திருக்கின்றன. 1923ஆம் ஆண்டில் வேலண்ட், டேவிஸ் என்னும் இரு அறிஞர்கள் இலங்கையின் மயோசீன் காலப் படிவுகளைப் பற்றி இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் விரிவாக எழுதினார்கள். மயோசீன் என்பது இற்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். நோர்விச் வெண்கட்டியோடு ஒப்பிட்டால் நம் கல் இளையது. ஆழ்கடலிலன்றி ஆழமற்ற இளஞ்சூட்டுக் கடலிற் படிந்தது. ஆயினும் பிறப்பு ஒன்றே. கோடானுகோடி சிற்றுயிர்கள் வாழ்ந்து மடிந்து விட்டுச்சென்ற எச்சத்தின்மீதே நாம் வீடு கட்டியிருக்கிறோம். 1950ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை அரைத்ததும் அந்தக் கல்லைத்தான்.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அது மழைநீரிற் கரையும். கரைந்து கரைந்து வெடிப்பும் குகையுமாய் நிற்கும். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கும் கீரிமலையில் நீராடியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறொன்று இல்லாத நம் குடாநாட்டில் மாரி மழையைச் சேர்த்துவைக்கும் குளம் இந்தக் கல்லேயாகும். அதனுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறையுமாறு இடைவிடாது இறைத்தால், காலப்போக்கிற் கீழேயிருந்து நாற்பதடி உவர் ஏறிவரும். துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இதற்கு எல்லை வகுத்தது. இயந்திரத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது.

டார்வினுக்குத் துணை நின்றவர்

சார்ள்ஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உயிரினங்கள் நெடுங்காலத்தில் மாறி ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்னும் கருத்தைத்தான் நம் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்கின்றன. தமிழ்நாட்டார் ‘பரிணாமம்’ என்பர். டார்வின் நோயாளி, சபையேறி வாதாட விரும்பாதவர். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் ஹக்ஸ்லி. 1860ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் தேதி ஒக்ஸ்போட்டில் வில்பர்போர்ஸ் மேற்றிராணியாரோடு அவர் எதிர்வாதம் புரிந்த கதை உலகப் பிரசித்தம். குரங்குப் பாட்டனைப் பற்றிய கேலியும் அதற்கு ஹக்ஸ்லி கொடுத்த சுடுசொல்லும் பல நூல்களில் வருகின்றன. ஆனால் அச் சொற்களை அன்று எவரும் அப்படியே எழுதிவைக்கவில்லை. பெரும்பாலும் பல்லாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவை அவை. சான்று கேட்கக் கற்பித்தவரின் கதையைச் சொல்லும்போதும் சான்றை மறக்கலாகாது.

மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் உள்ள உடலொற்றுமையை எலும்பு எலும்பாக எடுத்துக்காட்டி 1863ஆம் ஆண்டில் ‘இயற்கையில் மனிதனின் இடம்’ என்னும் நூலை எழுதினார். மனிதனின் தோற்றத்தைப் பற்றி டார்வின் விரித்தெழுதியது 1871ஆம் ஆண்டிலேதான். அத்துணைத் துணிவுள்ளவர் டார்வின் சொன்ன யாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாரா? இல்லை. இயற்கைத் தேர்வுக்கு வளர்ப்புப் பரிசோதனையால் முழு நிரூபணம் இன்னும் கிட்டவில்லை என்று தம் நண்பரின் நூலைப் பற்றியே பலகாலும் எழுதினார். நண்பனுக்காக வாதாடுவது வேறு. நண்பனிடமும் சான்று கேட்பது வேறு. இரண்டையும் ஒருங்கே செய்தவர் ஹக்ஸ்லி.

இயற்கைத் தேர்வைக் காண்பதற்குக் கமக்காரர் தூரதேசம் போகவேண்டியதில்லை. பூச்சிக்கு நஞ்சு தெளிக்கிறீர்கள். முதலாண்டு பூச்சி மடிகிறது. சில ஆண்டுகளில் அதே நஞ்சு வேலை செய்வதில்லை. கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று எண்ணுகிறீர்கள். சிலவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. ஆயிரம் பூச்சிகளில் நஞ்சைத் தாங்கும் இயல்பு பிறவியிலேயே இரண்டொன்றுக்கு இருக்கும். மற்றவை மடிய, அவை பெருகும். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். கோவாவை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி டி.டி.ரி. நஞ்சைத் தாங்கிநிற்பதை 1953ஆம் ஆண்டிலேயே யாவாவிலிருந்து அறிவித்தார்கள். இது தெரியாதவர் நஞ்சின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். தெரிந்தவர் நஞ்சை மாற்றுவார், பயிரை மாற்றுவார், தெளிப்பதைக் குறைப்பார். கூர்ப்பைப் பற்றிய அறிவு காசு மிச்சப்படுத்தும் அறிவும் ஆகும்.

சான்றுக்கு மிஞ்சிச் சொல்லாமை

‘அக்நோஸ்டிக்’ என்னும் சொல்லை 1869ஆம் ஆண்டில் ஆக்கியவர் ஹக்ஸ்லி. அச் சொல்லைக் கேட்டவுடன் நாத்திகம் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவர் கருதியது அதுவன்று. சான்று எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லுகிறதோ அவ்வளவு தூரம் அஞ்சாது செல். சான்று நின்றவிடத்தில் நீயும் நின்று, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல். இதுவே அதன் சாரம். கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்வதையும் அவர் இதே அளவுகோலால் மறுத்தார். 1870ஆம் ஆண்டில் இலண்டன் கல்விச் சபைக்குத் தெரிவானபோது, பாடசாலையில் விவிலியம் வாசிக்கப்படுவதை அவர் எதிர்க்காது ஆதரித்தார் என்பது பலர் அறியாத செய்தி.

தம் விதியைத் தமக்கும் அவர் விலக்கவில்லை. 1868ஆம் ஆண்டில், அந்தக் கடலடிச் சேற்றின் சாராயத்திலிட்ட மாதிரியில் கூழ் போன்ற ஒரு பொருளைக் கண்டு, அது ஆதி உயிர் என்று நம்பி அதற்குப் பெயரும் இட்டார். பின்னர் ‘சலெஞ்சர்’ கப்பலில் உலகக் கடல்களை ஆராயச் சென்றவர்கள், கடல்நீரிற் சாராயம் சேரும்போது படியும் கல்சியம் சல்பேற்றே அந்தக் கூழ் என்று கண்டார்கள். 1875ஆம் ஆண்டில் ஹக்ஸ்லி தம் பிழையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் தாம் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை பிள்ளையேயல்ல என்று சொன்னார். அவரது கௌரவம் அதனாற் குறைந்ததா? மேலும் உயர்ந்தது.

அன்பர்களே! இனி நம் கிணற்றுக்கு வருவோம். சுன்னாக மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்னும் முறைப்பாடு பத்தாண்டுகளுக்கு முன்னர் பெரும் போராட்டமாக எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒருசார் பரிசோதனை எண்ணெய் உண்டென்றது. மற்றொருசார் நிபுணர் அறிக்கை ஆபத்தான மாசு இல்லை என்றது. மக்கள் வாளியுடன் பவுசரை எதிர்பார்த்து நின்றார்கள். இறுதியில் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் நாட்டின் உயர் நீதிமன்றம் சான்றுகளை நிறுத்துப் பார்த்து, தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு ஒருபுறமிருக்க, அந்த ஆண்டுகளில் நம்மிடம் இல்லாதிருந்தது என்ன என்று சிந்தியுங்கள். எந்தக் கிணற்றில், எத்தனையடி ஆழத்தில், எந்த நாளில், எவ்வாறு நீர் எடுத்தார்கள், எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை என்று கேட்கத் தெரிந்த பொதுமக்கள் போதிய அளவில் இல்லை. அதை மக்கள் மொழியில் விளங்கச் சொல்ல முன்வந்த கற்றோரும் மிகச் சிலரே. இரண்டு நிபுணர் முரண்பட்டால் நமக்குப் பிடித்தவரை நம்புவதே வழக்கமாயிற்று. ஹக்ஸ்லி கற்பிக்கும் வழி அதுவன்று. நிபுணரின் முகத்தைப் பாராமல் அவர் காட்டும் அளவையைப் பார். அளந்த முறையைக் கேள் என்பதே அது.

அதே அளவுகோலை நம் தோட்டத்துக்கும் வைக்கவேண்டும். அளவுக்கு மிஞ்சி இடும் பசளை நைத்திரேற்றாகக் கரைந்து, வெடிப்புள்ள இந்தக் கல்லின் வழியே கிணற்றைச் சேர்கிறது என்று ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. மின்நிலையத்தின் எண்ணெய்க்குச் சான்று கேட்கும் நாம், நம் பசளைப் பையின் கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

தோட்டமும் அறமும்

ஹக்ஸ்லியின் எழுத்துகளுள் நமக்கு மிக நெருங்கியது அவர் 1893ஆம் ஆண்டு ஒக்ஸ்போட்டில் நிகழ்த்திய ‘கூர்ப்பும் அறமும்’ என்னும் விரிவுரை. முதுமையில் அவர் கீழைத்தேசச் சிந்தனைகளை ஆழ்ந்து பார்த்தார். வினைக்கொள்கையையும் பிறவிச் சுழற்சியையும் பிரமம், ஆன்மா என்னும் கருத்துகளையும் புத்தரின் போதனையையும் எடுத்து, துன்பம் ஏன் என்னும் கேள்விக்கு இந்தியர் எவ்வாறு விடை தேடினர் என்று மதிப்போடு ஆராய்ந்தார். சைவசித்தாந்தம் கற்ற அன்பர்கள் அதை வாசித்தால், உடன்படும் இடமும் மறுக்கும் இடமும் ஏராளமாகக் காண்பார்கள்.

அக்காலத்திற் சிலர் டார்வினின் பெயராலே ஒரு கொடிய கொள்கையைப் பரப்பினர். வலியது வாழும், மெலியது அழியும். இதுவே இயற்கை விதி. ஆகவே நாட்டிலும் அதுவே நீதி என்றார்கள். கூர்ப்புக்காகத் தம் வாழ்நாளெல்லாம் வாதாடிய ஹக்ஸ்லி இதை முழுமூச்சாக எதிர்த்தார். இயற்கை அப்படி நடக்கிறது என்பது ஒன்று. மனிதர் அப்படி நடக்கவேண்டும் என்பது வேறொன்று. சமுதாயத்தின் மேன்மை அந்த இயற்கைப் போக்கைப் பின்பற்றுவதில் இல்லை, எதிர்த்து நிற்பதில் இருக்கிறது என்றார்.

1894ஆம் ஆண்டில் அவ்விரிவுரைக்கு எழுதிய முன்னுரையில் ஒரு தோட்டத்தை உவமையாக்கினார். வேலியடைத்து, களைபிடுங்கி, நீர்பாய்ச்சி வளர்க்கும் தோட்டம் இயற்கைக்கு எதிராக மனிதன் நாளும் நடத்தும் போர். கைவிட்டால் ஒரு மாரியில் காடாகிவிடும். இது நமக்குப் புதிதல்ல. ஆனால் அடுத்து அவர் விடுக்கும் எச்சரிக்கை மிகப் பெரியது. தோட்டக்காரன் களையைப் பிடுங்குவதுபோல, ஆளுவோன் மனிதரைப் பிடுங்கலாமா? வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று தீர்மானிக்கும் அறிவு எந்த ஆட்சிக்கும் இல்லை. அதற்குத் துணிந்தால் சமுதாயத்தைக் கட்டிநிற்கும் அன்பே அறுந்துபோகும் என்றார். வலிமையே நியாயம் என்னும் கொள்கை ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை, 2009ஆம் ஆண்டுவரை யுத்தத்தைக் கண்ட மக்களுக்கு யான் விரிக்கவேண்டியதில்லை.

ஹக்ஸ்லியிடம் குறையும் உண்டு. 1865ஆம் ஆண்டில் அடிமை ஒழிப்பை ஆதரித்து எழுதிய கட்டுரையிலேயே, கறுப்பின மக்களும் பெண்களும் அறிவாற்றலிற் குறைந்தவர்கள் என்று எழுதினார். அதற்கு அவரிடம் தக்க சான்று இருக்கவில்லை. அது அவர் வாழ்ந்த சமுதாயத்தின் செருக்கு. அவர் தந்த அளவுகோலாலேயே அவரை அளந்து, அக் கருத்தைத் தள்ளிவிடுகிறோம். ஓர் ஆசிரியரை மதிப்பதற்கு அவர் சொன்ன யாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியது

ஹக்ஸ்லி இலண்டன் தொழிலாளருக்குப் பேசிய காலத்தில், நமக்கு அண்மையில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர் தமிழிலேயே மேலைத்தேச வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1875ஆம் ஆண்டில் ‘கெமிஸ்தம்’ என்று இரசாயன நூலும் தமிழில் வந்தது. இந்தச் சுன்னாகமோ குமாரசுவாமிப் புலவரைத் தந்த மண். அச்சகங்களும் நூற்பதிப்பகமும் வைத்துப் பாடநூல்களை அச்சிட்டுக் கொடுத்த ஊர். ஹக்ஸ்லியின் அந்த விரிவுரையை இயன் பூ என்னும் அறிஞர் சீன மொழியில் ஆக்கி 1898ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அது ஒரு தலைமுறையின் சிந்தனையையே அசைத்தது. வெண்கட்டிப் பிரசங்கத்தையும் இந்த விரிவுரையையும் நல்ல தமிழில், நம் கல்லையும் நம் கிணற்றையும் உதாரணமாகச் சேர்த்து, நம் மாணவர் கையிற் கொடுக்க நம்மால் இயலாதா?

வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், உத்தியோகத்தர் ஆகியோருக்கு என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். வாசிகசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ வந்து, நீங்கள் கற்றதைக் கமக்காரருக்குத் தமிழிற் சொல்லுங்கள். கமக்காரருக்கு என் வேண்டுகோள்: சொல்பவர் எத்துணைப் பெரியவராயினும், ‘இது உமக்கு எப்படித் தெரியும்?’ என்று மரியாதையோடு கேளுங்கள். உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். நூறு வீட்டில் நூறு கொப்பி இருக்குமானால், அடுத்தமுறை ஒரு நிபுணர் குழு வரும்போது நாம் வெறுங்கையோடு நிற்கமாட்டோம்.